கார்த்திகைக்கு முன் பினாங்கு

நவம்பர் 14, வெள்ளி

நாகப்பட்டினத்திலிருந்து அத்தை வந்து ஒரு வாரம் ஆகப்போகிறது. பத்துமலை, இரட்டைக் கோபுரம் எல்லாம் காட்டியாகிவிட்டது. எதற்கும் அசரவில்லை. “கடல் எங்கேடி?” என்று தினமும் ஒரே கேள்வி. கோலாலம்பூர்ச் செந்தூலில் கடலுக்கு எங்கே போவது? பினாங்குக்குக் கிளம்பிவிட்டோம்.

கிளம்பும்போதே ஒரு சிக்கல். வெள்ளிக்கிழமை அத்தை கவுச்சி தொடமாட்டார். திங்கட்கிழமை கார்த்திகை பிறக்கிறது. ஊரில் மகன் ஐயப்பனுக்கு மாலை போடுகிறான், அன்று தொடங்கி வீட்டில் எல்லாருக்கும் சைவம்தான், அத்தை எந்த நாட்டில் இருந்தாலும் சரி. ஆக, சாப்பாட்டுக்கே பேர்போன தீவுக்குப் போய் மீனும் கறியும் சாப்பிடச் சனி, ஞாயிறை விட்டால் வேறு நாள் இல்லை. கடற்கரை ஊர்க்காரர், மீன் இல்லாமல் சோறு இறங்காது. எந்த வேளைக்கு எந்தக் கடை என்று ரயிலிலேயே தாளில் எழுதி வைத்துக்கொண்டேன்.

பட்டர்வொர்த்தில் இறங்கியபோது நல்ல மழை. ஃபெர்ரியில் எல்லாரும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, அத்தை மட்டும் கண்ணாடி ஓரம் போய் நின்றார். அறுபதுகளில் என் அப்பா நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பல் ஏறி வந்து இறங்கியது இந்தத் துறையில்தான். “அண்ணன் சொன்ன மலை எங்கேடி?” என்று கேட்டார். மலை மேகத்துக்குள் இருந்தது.

சூலியா தெருவில் ஒரு பழைய கடைவீட்டை விடுதியாக்கியிருக்கிறார்கள், அங்கேதான் தங்கல். லிஃப்ட் இல்லை. செங்குத்தான மரப்படி. அத்தை முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்த வரவேற்பறைப் பையன், நாங்கள் கேட்காமலேயே கீழ் அறைக்கு மாற்றிக் கொடுத்தான். கீழ் அறைக்கு சன்னல் கிடையாது, ஏசியில் தண்ணீர் சொட்டுகிறது. அதற்கு ஒரு வாளியும் அவனே கொண்டுவந்து வைத்தான். நல்ல பையன்.

பினாங்கு தெருவில் வாழையிலைச் சாப்பாடு 12 வெள்ளி, அதாவது 12 ரிங்கிட். அத்தைக்கு எல்லாவற்றையும் இருபதால் பெருக்கியாக வேண்டும். “இருநூத்தி நாப்பது ரூவா வாங்குறான், ரசத்தை நாமளா கேட்டு வாங்க வேண்டியிருக்கு.” ஆனால் பாகற்காய் வறுவலை மூன்று முறை கேட்டு வாங்கினார். கடைக்காரப் பெண் முகம் சுளிக்காமல் போட்டார்.

மழை விட்டதும் நடந்தோம். விடுதியிலிருந்து கொஞ்ச தூரத்தில், தெருமுனையில், சின்னச் சின்ன வெள்ளைக் கும்பங்களோடு ஒரு கட்டடம். அத்தை சட்டென்று நின்றுவிட்டார். நாகூர் தர்கா. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே வந்த தமிழ் முஸ்லிம்கள் நாகூர் ஆண்டகையின் நினைவாகக் கட்டியது. எத்தனையோ முறை இந்தத் தெருவில் போயிருக்கிறேன், கூட வந்தவர்களுக்கு இதைக் கைகாட்டிவிட்டுக் கடந்துபோவதுதான் வழக்கம். அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, வாசற்படியில் கை வைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். உள்ளே இருந்த பெரியவரிடம், “அடுத்த வாரம் அங்கே கந்தூரிக்குக் கொடி ஏறுது, தெரியுமா பாய்?” என்றார். “தெரியாம என்னம்மா, நீங்க நாகூரா?” என்று அவர் நாற்காலியை இழுத்துப் போட, பேச்சு நாகை ரயிலடி வரைக்கும் போய்விட்டது. தாளில் எழுதிய நேரமெல்லாம் அங்கேயே குழம்பியது.

அப்புறம் குவீன் தெரு மாரியம்மன் கோயில். 1833-இல் எழுந்த கோயில், வெள்ளிக்கிழமை என்பதால் நெரிசல். இருட்டுகிற நேரத்துக்குக் கெங் குவீ சந்தில் செண்டோல். 1936-இலிருந்து விற்கிறார்கள். சீவின பனிக்கட்டி, தேங்காய்ப்பால், பனைவெல்லப் பாகு, சிவப்புப் பயறு, பாண்டான் சாறு சேர்த்த பச்சைத் துண்டுகள். உட்கார இடம் கிடையாது, கிண்ணத்தைக் கையில் பிடித்துச் சந்திலேயே நின்று குடிக்க வேண்டும். “பயறு எதுக்கு?” என்று கேட்ட அத்தை, கடைசியில் கிண்ணத்தைச் சாய்த்து அந்தப் பயற்றைத்தான் தேடினார்.

நவம்பர் 15, சனி

காலை ஏழரைக்கே டிரான்ஸ்பர் சாலை. ரோட்டோரத்தில் மேசை போட்டு ரொட்டி சானாய். இங்கே ரொட்டியைத் தனியாக, குழம்பைத் தனியாக வைப்பதில்லை. பிய்த்துப் போட்டு மேலே குழம்பைக் கொட்டிவிடுவார்கள். “காலங்காத்தால ஆட்டுக்கறியா?” என்று அத்தை இழுத்தார். எதிரே இடத்தைப் பகிர்ந்துகொண்ட சீனத் தாத்தா தன் தட்டைக் கொஞ்சம் எங்கள் பக்கம் திருப்பிக் காட்டி, கட்டைவிரலைத் தூக்கினார். அவர் தட்டில் கறிதான். அத்தையும் கறியே சொன்னார். கறி மெத்தென்று வெந்திருந்தது, காரம் மட்டும் நம் ஊர் அளவுக்கு வராது. தே தாரிக் என்கிற ஆற்றிய பால் டீயில் பாதியை வைத்துவிட்டார், தித்திப்பு தாங்கவில்லையாம்.

வெல்ட் கீயில் சியூ ஜெட்டி. கடலுக்குள் கால் ஊன்றி நிற்கிற சீனர்களின் பலகை வீடுகள். முன்பக்கம் முழுக்க சாவிக்கொத்தும் டுரியான் ஐஸ்கிரீமும் விற்கிறார்கள், அதைக் கடந்து கடைசிப் பலகை வரைக்கும் போனால்தான் கடல். அங்கே ஒரு கிழவர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். அத்தை நேராக அவருடைய வாளிக்குள் எட்டிப் பார்த்து, “கெளுத்தி” என்றார். அவர் ஹொக்கியனில் ஏதோ சொன்னார். “முள்ளு பாத்து எடுக்கணும்” என்றார் அத்தை. அவரும் விரலைக் காட்டி, குத்தின தழும்பைக் காட்டினார். இரண்டு பேரும் தலையாட்டிக்கொண்டார்கள். பினாங்கில் இதுவரை அத்தைக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். நீர் வற்றிய சேற்று நாற்றமும் அவருக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். எனக்குத் தலை சுற்றியது, வெயிலும் சேர்ந்து.

மதியம் நாசி கண்டார். ஒரு காலத்தில் தோளில் காவடி போட்டு, ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் குழம்புகளுமாகத் துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்ற சாப்பாடு. கேம்பல் தெரு ஹமீதியா 1907-இலிருந்து நடக்கிறது. பேர்பெற்ற கடைகளில் எல்லாம் வரிசை தெருவுக்கு வந்துவிட்டதால், நாங்கள் பக்கத்துத் தெருவில் பலகை மங்கிப்போன ஒரு கடைக்குப் போனோம்.

கரண்டி பிடித்தவருக்கு ஐம்பது வயது இருக்கும், கடையநல்லூர்க்காரர். முன்னால் பதினைந்து பதினாறு தட்டுகள்: பொரித்த கோழி, ஆட்டுக்கறி, மாட்டிறைச்சி, முழுக் கணவாய், மீன் தலை, உப்பு முட்டை, வெண்டைக்காய், பாகற்காய். நடுவில் ஒரு தாம்பாளத்தில் மீன் சினை, கையளவு நீளம், மஞ்சளும் மிளகாயும் ஏறி. அத்தையின் கண் அங்கேயே நின்றுவிட்டது.

இந்தச் சாப்பாட்டின் உயிரே குழம்புகளைக் கலப்பதில்தான். ஒரு கரண்டி கோழிக்குழம்பு, ஒரு கரண்டி மீன், ஒரு கரண்டி பருப்பு, கடைசியில் கறுப்பான ஒரு கெட்டிக் குழம்பு என்று சோறு மூழ்கும்வரை ஊற்றுவார்கள். அதில் மாட்டுக்குழம்பும் சேர்ந்துவிடும். நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் அத்தையின் நெற்றியைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த கரண்டியைத் தொட்டியில் போட்டுவிட்டு வேறு கரண்டி எடுத்தார். “உங்களுக்கு மாடு படாம தர்றேன்மா.” சோற்றைக் குழித்து, கரண்டியின் அடிப்பக்கத்தால் குழம்பை உள்ளே அழுத்தி, மேலே சினையை வைத்து, ஓரத்தில் வெண்டைக்காயை அடுக்கினார். எல்லாம் அரை நிமிடம். அத்தை வாய் திறக்காமல் சாப்பிட்டார். வாய் திறக்காமல் சாப்பிடுவது எங்கள் குடும்பத்தில் பெரிய பாராட்டு.

விலை கேட்காமல் தட்டை நீட்டினால் இங்கே என்ன ஆகும் என்பது ஊரறிந்தது. சினையும் பெரிய கணவாயும் சேர்த்து இரண்டு பேருக்கும் 41 வெள்ளி. அத்தை பெருக்கினார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. “சினைக்குக் குடுக்கலாம். கணவாய் ரப்பர்.” சரியான தீர்ப்பு.

மூன்று மணிக்கு வானம் உடைந்தது. நவம்பர் மழை இப்படித்தான், நாலு மணி நேரம் பொறுத்துக்கொண்டு ஒரே அடியாகக் கொட்டும். அஞ்சடியில், அதாவது கடைகளின் முன்னால் கூரை போட்ட நடைபாதையில், ஒதுங்கி ஒதுங்கியே ஆர்மீனியன் தெருவரைக்கும் போனோம். 2012-இல் எர்னஸ்ட் ஸகாரெவிச் சுவரில் வரைந்த சைக்கிள் பிள்ளைகளோடு படம் எடுக்க அந்த மழையிலும் குடை பிடித்துக்கொண்டு வரிசை. ஓவியம் நன்றாகத்தான் இருக்கிறது, வரிசையில் நிற்குமளவுக்கு இல்லை.

ராத்திரி கர்னி டிரைவில் பசம்பூர். வடை, இறால் பொரியல், டோஃபு, வெள்ளரி எல்லாவற்றையும் வெட்டி, சர்க்கரைவள்ளிக் கிழங்குக் குழம்பை ஊற்றித் தருவது. தட்டைக் கையில் கொடுத்து நீங்களே எடுங்கள் என்பார்கள், ஒவ்வொரு துண்டுக்கும் காசு. பாதி சாப்பிடும்போதே மறுபடி மழை. மேசைக்கு மேல் இருந்த குடை ஒழுகி, குழம்பு தண்ணீராகிவிட்டது.

இந்த ஊரில் பார்க்க வேண்டிய இடங்களை வரிசையாக எழுதிவிட்டு நடுவில் சாப்பாட்டைச் செருகுகிறவர்களுக்கு நல்லது எதுவும் கிடைக்காது. ரொட்டிக் கடை காலையோடு சரி, நாசி கண்டாரில் நல்ல துண்டுகள் மதியத்துக்குள் போய்விடும், சில கடைகள் எந்தக் கிழமை மூடும் என்று முதலாளிக்குத்தான் தெரியும். முதலில் கடைகளின் நேரம், மலையும் கோயிலும் மிச்சமிருக்கிற நேரத்துக்கு. அவை எங்கும் போய்விடாது.

நவம்பர் 16, ஞாயிறு

பினாங்கு மலைக்கு ஆறரை மணி முதல் ரயிலுக்கே போய் நின்றோம். அப்படியும் எங்களுக்கு முன்னால் நாற்பது பேர். எனக்கு 12 வெள்ளி, வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரர் என்பதால் அத்தைக்கு 30. “வயசானவங்கன்னு ஒரு மரியாதை கிடையாதா?” என்று கண்ணாடிக்குள் இருந்த பெண்ணைத் தமிழில் கேட்டார். அந்த மலாய்ப் பெண் சிரித்து, “சாரி, ஆண்டி” என்றாள்.

1923-இல் தொடங்கிய மலை ரயில் இது. முன்பெல்லாம் பாதியில் வண்டி மாற வேண்டும், 2011-இல் புதிதாக்கிய பிறகு ஒரே ஓட்டம். செங்குத்தாக ஏறும்போது அத்தை என் கையைப் பிடித்த பிடியில் வளையல் தடம் விழுந்தது. மேலே எதிரே எதுவும் தெரியாத பனிமூட்டம். ஆனால் நல்ல குளிர், அத்தை ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டார். உச்சியில் முருகன் கோயிலும் பக்கத்திலேயே மசூதியும். கோயிலில் சர்க்கரைப் பொங்கல் சுடச்சுடக் கொடுத்தார்கள். எட்டரைக்கு மூட்டம் விலகி, ஜார்ஜ் டவுனும் பாலமும் அந்தப் பக்கம் கெடா வரைக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. அத்தை பார்த்தது பாலத்தை அல்ல, ஃபெர்ரி போகிற பாதையை. “அங்கே வந்துதான் இறங்கியிருக்கு அண்ணன்.” அதோடு விட்டுவிட்டார்.

கீழே வந்து பேருந்து. பெட்டியில் சரியான காசைப் போட வேண்டும், மீதி கிடைக்காது. என்னிடம் பத்து வெள்ளித் தாள்தான். பின்னால் நின்ற சீனப் பாட்டி ஒருவர் தன் சில்லறைப் பையைத் திறந்து எங்கள் இருவருக்கும் போட்டுவிட்டார். பத்து வெள்ளியை நீட்டினால் கையை விசிறிவிட்டு உட்காரப் போய்விட்டார். இறங்கும்போது அத்தை பிரசாத வாழைப்பழம் இரண்டை அவர் மடியில் வைத்துவிட்டு வந்தார்.

ஆயர் ஈத்தாம் சந்தைப் பக்கம் அசாம் லக்சா, கிண்ணம் 7 வெள்ளி. மீனை வேகவைத்து உதிர்த்து, புளி கரைத்த சாற்றில் அரிசி நூடுல்ஸ். மேலே அன்னாசி, வெங்காயம், புதினா, இஞ்சிப்பூ. கரண்டியில் கறுப்பாக இறால் விழுது. அத்தை முதலில் சாற்றை மட்டும் குடித்தார். “அயிலை.” பிறகு இன்னொரு வாய். “புளி சரியா இருக்கு. இது நேத்து வச்ச மீன்குழம்புடி. இதுக்குள்ள எவன் அன்னாசிப்பழத்தைப் போட்டது?” அன்னாசித் துண்டுகளை என் கிண்ணத்துக்குத் தள்ளிவிட்டு, சாறு ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை. கடைக்கார ஆண்டி வந்து பார்த்துவிட்டு, கேட்காமலேயே இன்னொரு அகப்பை சாறு ஊற்றினார்.

கெக் லோக் சி புத்தர் கோயில் அங்கிருந்து நடக்கிற தூரம்தான். 1890-இல் கட்டத் தொடங்கியது. 1930-இல் முடிந்த கோபுரத்தின் அடி சீனப் பாணி, நடு தாய்லாந்து, முடி பர்மா. மேலே முப்பது மீட்டர் உயரத்தில் கருணைத் தெய்வம் குவான் யின்னின் வெண்கலச் சிலை. நாங்கள் அதிக நேரம் இருந்தது என்னவோ ஆமைக் குளத்தில். கங்கோங் கீரைக் கட்டு வாங்கி ஆமைகளுக்குப் போடலாம். “இந்தக் கீரையில பூண்டு போட்டு வதக்கினா நமக்கே ஆகும்” என்றார் அத்தை, போட மனசில்லாமல்.

அசைவத்துக்குக் கடைசி ராத்திரி. அத்தைக்கு மறுபடி அந்தச் சினை வேண்டும். நாலரைக்குப் போனால் தாம்பாளம் காலி. “நேத்து வந்தீங்களேம்மா, சொல்லியிருந்தா எடுத்து வச்சிருப்பேனே” என்று கடையநல்லூர்க்காரர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். கோழி வேண்டாம் என்றுவிட்டார் அத்தை. கார்ன்வாலிஸ் கோட்டைக்குப் பக்கத்தில், 1786-இல் ஆங்கிலேயர் பிரான்சிஸ் லைட் வந்திறங்கிய கரையோரமாக, மீ சோத்தோங் கடை மூடப்போகிற நேரத்தில் ஓடிப் பிடித்தோம். வெல்லமும் மிளகாயும் சேர்ந்த கணவாய்க் குழம்பில் பிரட்டிய மஞ்சள் மீ, அதாவது நூடுல்ஸ். கடைசி இரண்டு தட்டு. இந்தக் கணவாய் ரப்பர் இல்லை. பொடிப்பொடியாக, பல்லுக்கு இதமாக இருந்தது. தட்டு 9 வெள்ளி. எனக்கு இந்தப் பயணத்தின் சிறந்த சாப்பாடு அதுதான், அத்தைக்கு இன்னும் சினைதான்.

நவம்பர் 17, திங்கள்

கார்த்திகை ஒன்று. நாலரைக்கே குளித்துவிட்டு என்னை எழுப்பினார். தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோயில், 513 படி. 2012-இல் குடமுழுக்கு நடந்த புதுக் கோயில் இது, மலையடியில்தான் பழைய கோயில்கள். நகரத்தார் கோயிலும் அந்த வழியில்தான். தைப்பூசத்துக்கு அவர்களுடைய வெள்ளித்தேர் வரும், 2017 முதல் தங்கத்தேரும் வருகிறது. தேர் வரும் தெருவெல்லாம் தேங்காய் மலைபோல் குவித்து உடைப்பார்கள், சீனர்களும் உடைப்பார்கள் என்று சொன்னேன். ஒரு தேங்காய் இங்கே என்ன விலை என்று கேட்டார்.

விடுதி மரப்படியில் ஏற முடியாத முழங்கால், 513 படியை நாலு இடத்தில் உட்கார்ந்து ஏறிவிட்டது. எனக்குத்தான் மூச்சு வாங்கியது. ஒவ்வொரு திருப்பத்திலும் இறங்கி வருகிறவர்கள் “இன்னும் கொஞ்சம்தான்மா” என்று பொய் சொன்னார்கள்.

இறங்கி வந்து பக்கத்துத் தாவரவியல் பூங்கா. 1884-இலிருந்து இருக்கிறது, மரங்கள் அவ்வளவு பெரியவை. குரங்குகளும் ஏராளம். அர்ச்சனைப் பையில் வாழைப்பழம் இருப்பதைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்த ஒன்று, ஓடி வந்து பையோடு பறித்தது. அத்தை விடவில்லை. பை கிழிந்து, தேங்காய் மூடி உருண்டது. குரங்குக்குப் பழம், அத்தைக்குத் தேங்காய். “திருநீறு மட்டும் கீழே சிந்தலை” என்று மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். பசியாற மோட்டார் சைக்கிளில் வந்த அண்ணனிடம் இடியாப்பம், தேங்காய்ப்பூவும் பனைவெல்லமும் தூவி. காகிதத்தில் மடித்துத் தந்தார், ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து தின்றோம்.

சௌராஸ்தா சந்தையில் ஜாதிக்காய். பினாங்கில் அதன் சதைப்பற்றை ஊறுகாயாகவும், சீனிப்பாகில் ஊறவைத்தும், சாறாகவும் விற்கிறார்கள். அத்தை சளிக்கு ஜாதிக்காய் எண்ணெய் வாங்கினார், பேரம் பேசி இரண்டு வெள்ளி குறைத்தார். மகன் வீட்டுக்குத் தாவ் சார் பியா, அதாவது பச்சைப்பயற்றுப் பூரணம் வைத்த பிஸ்கட். பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுண்டு என்பதால் கேட்டேன். கடைக்காரர் எண்ணெய்தான் என்று டப்பாவைத் திருப்பிக் காட்டினார். அத்தை நான்கு பெட்டி எடுத்து, காசும் கொடுத்துவிட்டார்.

ஃபெர்ரி பாதி தூரம் போனபின்தான் ஒன்றைப் பிரித்துப் பார்த்தார். மேலே பளபளவென்று மின்னியது. முகர்ந்தார். “முட்டை தடவியிருக்கான்டி!” நான்கு பெட்டியும் என் மடிக்கு வந்தன. மாலை போட்ட வீட்டுக்கு இதை எப்படி எடுத்துப்போவது? ரயில் ஈப்போவைத் தாண்டுவதற்குள் ஒரு பெட்டி காலி. அத்தை சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, ஒவ்வொன்றையும் நான் கடிக்கும்போது, “உள்ளே பூரணம் எப்படி இருக்கு?” என்று கேட்டுக்கொண்டே வந்தார்.